மாணவர்கள் இணையத்தில் கூடி எழுதும் இலக்கணக் குறிப்புகள்: மலையகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் இலங்கை மலையகத்தின் ஹட்டன் பகுதியில் தமிழ் கற்பிக்கும் ஆசிரியை. தரம் 10, 11 மாணவர்கள் பாடசாலை எல்லையைத் தாண்டி இணையத்தில் ஒன்றுசேர்ந்து, தங்களுக்கான இலக்கணக் குறிப்புகளைத் தாங்களே எழுதும் வேலைக்குச் சில ஆண்டுகளாகத் துணை நிற்கிறேன். மஸ்கெலியாவிலிருந்தும் தலவாக்கலையிலிருந்தும் பண்டாரவளைப் பக்கத்திலிருந்தும் பிள்ளைகள் இதில் இருக்கிறார்கள். பெற்றோரும் சக ஆசிரியர்களும் புதிதாகச் சேரும் மாணவர்களும் ஏறக்குறைய ஒரே ஐயங்களையே கேட்பதால், அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். முன்னே சொன்னதைப் பின்னே திருப்பிச் சொல்லாமல் சுட்டி மட்டும் செல்வதால், புதியவர்கள் முதலிலிருந்து வாசிப்பது நல்லது.

கூட்டாகக் குறிப்பு எழுதுவது என்றால் என்ன? டீச்சர் தந்த நோட்ஸை டைப் பண்ணிக் குரூப்பில் போடுவதா?

இல்லை. ஆறு அல்லது ஏழு மாணவர்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து, இலக்கணத்தின் ஒரு சிறு பகுதியை எடுத்துக்கொள்வார்கள். எல்லோரும் திறந்து எழுதக்கூடிய ஒரே ஆவணம் இணையத்தில் இருக்கும். ஒருவர் விதியைத் தன் சொற்களில் எழுதுவார். இன்னொருவர் உதாரணங்களைத் தேடுவார். வேறொருவர் பயிற்சி வினாக்களை அமைப்பார். குழுவில் ஒருவருக்குக் கேள்வி கேட்பது மட்டுமே வேலை. அவருக்கு ஐயம் தீரும்வரை அந்தப் பக்கம் முடிந்ததாகக் கொள்ளப்படுவதில்லை.

ஆசிரியர் சொன்னதை எழுத்து மாறாமல் தட்டச்சு செய்து அனுப்புவதற்கு ஒருவர் போதும், அதற்குக் குழு தேவையில்லை. அதில் தட்டச்சு செய்தவரின் விரல்களைத் தவிர வேறெதுவும் உழைப்பதில்லை என்பதால் அதை நாங்கள் ஏற்பதுமில்லை.

நல்ல ஆசிரியரும் நல்ல பாடப்புத்தகமும் இருக்கும்போது பிள்ளைகள் எதற்காக எழுத வேண்டும்?

இந்தக் கேள்விக்கு நமது இலக்கண நூலே விடை வைத்திருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரத்தில், மாணவர் எப்படிக் கற்க வேண்டும் என்பதற்கென்றே சூத்திரங்கள் உண்டு. ஆசிரியர் சொன்னதை நன்றாக மனத்தில் வாங்கிக்கொண்டாலும் மாணவனுக்குக் கிடைப்பது ‘காற்கூறு’ மட்டுமே என்கிறது ஒரு சூத்திரம். உடன் படிப்பவர்களோடு பழகிப் பயில்வதால் இன்னொரு கால் பங்கு கிடைக்கும், தான் கற்றதைப் பிறருக்கு முறையாக எடுத்துரைக்கும்போதே மீதி அரைப்பங்கும் வந்து சேரும் என்கிறது அடுத்தது.

ஆகவே வகுப்பறையோடு நின்றுவிடும் மாணவர் முக்கால் பங்கை இழக்கிறார். எங்கள் குழுக்களில் நடப்பது அந்த முக்கால் பங்குக்கான வேலை. சொல்லின் ஈற்றில் ஒலி குறுகும் உகரமாகிய குற்றியலுகரத்தின் ஆறு வகைகளையும் மனப்பாடமாக ஒப்பித்த மாணவி ஒருத்தி, அதை எழுதி விளக்க உட்கார்ந்தபோதுதான் ‘பசு’ என்ற சொல்லும் ‘சு’ என்று முடிகிறதே, அது ஏன் இந்த ஆறுக்குள் வரவில்லை என்று கேட்டாள். தனிக்குறிலை அடுத்து வரும் உகரம் குறுகாது, அது முற்றியலுகரம் என்ற விதி வகுப்பில் சொல்லப்பட்டதுதான். ஆனால் எழுதும் கையில் தடங்கல் ஏற்பட்ட பிறகே அது அவளுக்குத் தேவைப்பட்டது.

எங்கிருந்து தொடங்குவது? எழுத்திலக்கணத்தில் 247 எழுத்திலிருந்தா?

உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என்று எழுதித் தொடங்கிய குழுக்கள் பெரும்பாலும் மூன்றாம் வாரத்தில் களைத்துப் போயின. அது எல்லோருக்கும் தெரிந்தது, அதில் விவாதிக்க ஒன்றுமில்லை.

உங்கள் கட்டுரைக் கொப்பிகளை எடுத்து, ஆசிரியர் சிவப்புப் பேனாவால் வட்டமிட்ட இடங்களைத் தொகுத்துப் பாருங்கள். மலை என்பது மழையாகியிருக்கும். கூரை என்று எழுத வேண்டிய இடத்தில் கூறைச் சேலையின் ‘கூறை’ வந்திருக்கும். ‘மாடுகள் மேய்ந்தன’ என்பது ‘மாடுகள் மேய்ந்தது’ என்று நிற்கும். ‘ஓர் ஊர்’ என்பது ‘ஒரு ஊர்’ ஆகியிருக்கும். ஆறு பேரின் கொப்பிகளில் எந்தப் பிழை அதிகமோ அதுவே உங்கள் முதற் பக்கம். சொந்தப் பிழையிலிருந்து பிறக்கும் பக்கத்தை யாரும் பாதியில் விடுவதில்லை என்பது நான் கண்டது.

ஒரு பக்கம் எப்படி அமைய வேண்டும்? ஒரு மாதிரி காட்ட முடியுமா?

வலி மிகும் இடம், மிகா இடம் (இரு சொற்களுக்கு நடுவே க், ச், த், ப் என்ற ஒற்றுச் சேரும் இடமும் சேராத இடமும்) பற்றி ஒரு குழு எழுதிய பக்கத்தைச் சொல்கிறேன். அவர்கள் நீண்ட பட்டியலோடு தொடங்கவில்லை. ‘கொழுந்து’ என்ற ஒரே சொல்லை எடுத்து நான்கு தொடர்களை எழுதினார்கள்: கொழுந்து கருகியது, கொழுந்து பறித்தாள், கொழுந்தைப் பறித்தாள், கொழுந்துக் கூடை. நான்கிலும் அடுத்து வருவது வல்லினம். ஆனால் முதல் இரண்டில் ஒற்று மிகவில்லை, பின்னிரண்டில் மிகுந்திருக்கிறது. ஏன் என்பதே பக்கத்தின் தலைப்பு.

முதல் தொடரில் கொழுந்து எழுவாய். எழுவாய்த் தொடரில் வலி மிகாது. இரண்டாவதில் ‘ஐ’ உருபு மறைந்திருக்கிறது. அது இரண்டாம் வேற்றுமைத் தொகை, அங்கும் மிகாது. மூன்றாவதில் உருபு விரிந்து நிற்பதால் மிகும். நான்காவதில்தான் சண்டை வந்தது. ‘கொழுந்தை இடும் கூடை’ என்று விரித்தால் அங்கேயும் மறைந்திருப்பது ‘ஐ’ தானே, பிறகு ஏன் ஒற்று வந்தது என்று கேள்வி கேட்பவராக இருந்த மாணவன் விடாமல் நின்றான். இரண்டு நாள் கழித்து அவர்களே பாடப்புத்தகத்தில் விடையைக் கண்டார்கள்: அங்கே ‘ஐ’ மட்டும் மறையவில்லை, ‘இடும்’ என்ற பயனும் சேர்ந்து மறைந்திருக்கிறது. உருபும் பயனும் உடன்தொக்க தொகையில் வலி மிகும்.

அந்தப் பக்கத்தின் கீழே அவர்கள் தங்கள் சொற்களில் எழுதிய விதி இது: “‘ஐ’ தனியாக ஒளிந்தால் ஒற்று வராது. ‘ஐ’ வெளியே வந்தால் ஒற்றும் வரும். ‘ஐ’ இன்னொரு சொல்லையும் கூட்டிக்கொண்டு ஒளிந்தாலும் ஒற்று வரும்.” இருபது ஆண்டுகளாகக் கற்பிக்கும் எனக்கு இந்த வாக்கியம் தோன்றியதில்லை. இப்போது வகுப்பில் இதையே சொல்கிறேன். விதி, அதை உரசிப் பார்க்கும் நான்கைந்து உதாரணங்கள், ஒரு சிக்கல், சிக்கல் தீர்ந்த வழி, ஐந்து பயிற்சி வினாக்கள். ஒரு பக்கத்துக்கு இவ்வளவு போதும்.

உதாரணங்களைப் புத்தகத்தில் உள்ளபடியே எழுதினால் குறைவா?

குறைவில்லை, ஆனால் புத்தக உதாரணம் சரியென்பது முன்னரே முடிவாகிவிட்ட ஒன்று. அதை எழுதும்போது மாணவர் எதையும் தீர்மானிப்பதில்லை. தன் சுற்றுப்புறத்துச் சொல்லை எடுத்து, அது எந்த வகையில் அடங்கும் என்று பார்க்கும்போதே விதி பயன்படத் தொடங்குகிறது.

குற்றியலுகரத்துக்கு எங்கள் பிள்ளைகள் தேர்ந்த சொற்களைப் பாருங்கள். நெடில்தொடருக்கு ஆறு, உயிர்த்தொடருக்கு விறகு, வன்தொடருக்குக் கவ்வாத்து (தேயிலைச் செடியைக் கத்தரிப்பது), மென்தொடருக்குக் கொழுந்து, இடைத்தொடருக்குக் ‘கொய்து’. ஆய்தத்தொடருக்கு மட்டும் தோட்டத்தில் சொல் கிடைக்காமல் பல நாள் தேடிவிட்டு, கவ்வாத்துக் கத்தி எதனால் ஆனது என்று ஒரு மாணவி கேட்டதும், புத்தகத்தில் இருந்த ‘எஃகு’ என்ற அதே சொல்லுக்குத் திரும்பி வந்தார்கள். ஆனால் இம்முறை அது அவர்களுடைய சொல்லாக இருந்தது.

நாங்க வீட்டுல பேசுற தமிழ் பிழைத் தமிழா டீச்சர்? அதை இந்தப் பக்கத்துல எழுதக் கூடாதா?

இந்தக் கேள்வி மலையகப் பிள்ளைகளின் வாயில் வரும்போது எனக்கு மனம் வலிக்கும். யாரோ எங்கோ அவர்களுடைய பேச்சைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள் என்பதே இதன் பொருள். பேச்சுத் தமிழுக்கும் எழுத்துத் தமிழுக்கும் வேறுபாடு யாழ்ப்பாணத்திலும் உண்டு, மட்டக்களப்பிலும் உண்டு, மதுரையிலும் உண்டு. ‘வந்துச்சு’ என்று பேசுவது பிழையில்லை. கட்டுரையில் ‘வந்தது’ என்று எழுத வேண்டும் என்பது அந்த இடத்துக்குரிய முறை.

எனவே குறிப்புகளின் விளக்கம் எழுத்துத் தமிழில் இருக்கட்டும். உதாரணத்துக்குப் பேச்சுச் சொல்லைத் தாராளமாக எடுங்கள். தோட்டத் தொழிலாளர் காலையில் வேலைக்கு ஒன்றுகூடும் ‘பெரட்டு’ என்பது ஆங்கிலத்தின் ‘பரேட்’, அவர்களுடைய வரிசை வீடுகளான ‘லயன்’ என்பது ‘லைன்’. தமிழ் ஒலிக்கு இசைய மாறி, இப்போது பெரட்டுக்களம் என்று ஒற்று மிகுந்து புணரும் அளவுக்கு அவை நம்முடையவை ஆகிவிட்டன. சன்னல், அலுமாரி ஆகியவை போர்த்துக்கேய மொழியிலிருந்து வந்த திசைச்சொற்கள் என்று மனப்பாடம் செய்யும் பிள்ளைக்கு, தன் தாய் தினமும் காலையில் போகும் பெரட்டும் திசைச்சொல்தான் என்று தெரிய வேண்டும்.

சிக்னலே கிடைக்காத தோட்டத்தில் இருந்துகொண்டு இதை எப்படிச் செய்வது?

இது உண்மையான தடை. 2020இல் பெருந்தொற்றால் பாடசாலைகள் மூடப்பட்டபோது, அலைவரிசை கிடைக்கும் மேட்டைத் தேடி ஏறிய பிள்ளைகளை மலையகம் முழுவதும் கண்டோம். இன்றும் பல லயன்களில் கோயிலடியிலோ வளைவுப் பாதையிலோ நின்றால்தான் இணையம் வரும். ஆகவே எல்லோரும் ஒரே நேரத்தில் இணைய வேண்டும் என்ற நிபந்தனையை நாங்கள் முதலிலேயே கைவிட்டோம். நேரலை வகுப்போ காணொளிக் கூட்டமோ எங்களிடம் இல்லை.

கூகுள் டாக்ஸ் செயலியில் ஓர் ஆவணத்தை இணையமில்லாத நேரத்திலும் திறக்கும்படி முன்கூட்டியே அமைத்துக்கொள்ளலாம். வீட்டில் இருந்து எழுதினால், அலைவரிசை உள்ள இடத்துக்குப் போகும்போது அது தானாகவே சேர்ந்துவிடும். கைபேசி அம்மா அப்பாவோடு வேலைக்குப் போய்விடும் வீடுகளில், பிள்ளை கொப்பியில் கையால் எழுதி வைத்து, இரவில் ஒரு படம் எடுத்து அனுப்புகிறது. குழுவில் வசதி உள்ள ஒருவர் தட்டச்சு செய்கிறார். எழுதியவரின் பெயர் பக்கத்தில் இருக்கும், தட்டச்சு செய்தவரின் பெயரும் இருக்கும். எழுத்து மட்டுமே உள்ள ஆவணத்துக்கு டேட்டாவும் மிகக் குறைவாகவே செலவாகும்.

இன்னொன்றையும் அனுபவத்தில் கற்றோம். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை ஹட்டன், மஸ்கெலியாப் பக்கத்தை முடக்கும்போது பண்டாரவளை இருக்கும் ஊவாப் பக்கம் பெரும்பாலும் தெளிவாக இருக்கும். ஆண்டிறுதியில் பண்டாரவளை, பசறைப் பக்கம் மழை பிடிக்கும்போது நிலைமை மாறும். இரு சரிவுகளிலிருந்தும் பிள்ளைகளைச் சேர்த்துக் குழு அமைத்தால், மின்சாரமும் அலைவரிசையும் ஒரு பக்கம் போனாலும் வேலை நிற்பதில்லை.

எந்தச் செயலி நல்லது?

எழுதுவதற்குப் பகிர்ந்த ஆவணம், பேசுவதற்கு வாட்ஸ்அப். இவை இரண்டுக்கும் மேல் வேண்டாம். வாட்ஸ்அப்பில் நடந்த நல்ல விவாதம் இரண்டு நாளில் மேலே போய் மறைந்துவிடும் என்பதால், முடிவை அன்றே ஆவணத்தில் எழுதிவிடுவது கட்டாயம்.

சேர் தந்த குறிப்பு என் போனில் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்தாகத் தெரிகிறதே?

அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டது. அந்த முறையில் ஆங்கில எழுத்துகளுக்கே தமிழ் உருவம் போர்த்தப்பட்டிருக்கும். அந்த எழுத்துரு இல்லாத கருவியில் போர்வை விலகி ஆங்கில எழுத்துகள் தெரியும். நம் நாட்டில் ஆசிரியர்கள் பலர் இன்றும் பாமினியிலேயே வினாத்தாள் தயாரிப்பதால் இந்தச் சிக்கல் தொடர்ந்து வருகிறது. பாமினியை யுனிகோடாக மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மாற்றிய பிறகு ஒருமுறை முழுவதும் வாசித்துப் பார்க்க வேண்டும்.

யுனிகோடில் எழுதும்போதும் இரண்டு இடங்களில் கவனம் தேவை. ‘ஔ’ என்ற ஓரெழுத்துக்குப் பதிலாக ‘ஒ’, ‘ள’ என்று இரண்டு எழுத்துகளைத் தட்டுவது பலருக்குப் பழக்கம். கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிந்தாலும் ஔவையாரைத் தேடினால் அகப்படமாட்டார். அதுபோலவே துணைக்காலுக்குப் பதிலாக ‘ர’ விழுந்துவிடும். இலக்கணப் பக்கத்தில் எழுத்தே பிழையாக இருப்பது பொருந்தாது என்பதால் இதை வலியுறுத்துகிறேன்.

என் மகளுடைய போன் நம்பர் தெரியாத பிள்ளைகளிடமெல்லாம் போய்விடுமா?

ஒரு தாய் கேட்ட கேள்வி இது, கேட்டது முற்றிலும் சரி. வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தால் உறுப்பினர் எல்லோருக்கும் எண் தெரியும். ஆகவே பல பாடசாலைகள் சேரும் இடத்தில் மாணவர்களுக்கு வாட்ஸ்அப் குழு வைப்பதில்லை. ஒவ்வொரு பாடசாலைப் பிள்ளைகளும் தங்கள் ஆசிரியர் இருக்கும் குழுவில் மட்டும் இருப்பார்கள். பாடசாலைகளுக்கிடையிலான உரையாடல் ஆவணத்தின் ஓரக் குறிப்புகளில் நடக்கும். ஆவணத்துக்கென்று தனி மின்னஞ்சல் கணக்குத் தொடங்கி, அதில் முழுப்பெயரும் படமும் இல்லாமல் வைத்துக்கொள்கிறோம். பிள்ளையின் ஆவணத்தைப் பெற்றோர் எப்போது வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். சம்மதம் எழுத்தில் கிடைத்த பிறகே சேர்க்கிறோம்.

பிழையான விளக்கத்தை எழுதிவிட்டால் எல்லோரும் பிழையாகப் படித்துவிடுவார்களே?

இதனால்தான் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் அதன் நிலை எழுதப்பட்டிருக்கும்: ‘எழுதப்படுகிறது’, ‘மாணவர் பார்த்தது’, ‘ஆசிரியர் பார்த்தது’. மூன்றாம் நிலைக்கு வராத பக்கம் குழுவுக்கு வெளியே போவதில்லை. ஒவ்வொரு விதியின் அருகிலும் அது பாடப்புத்தகத்தில் எந்தத் தரத்தில், எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று குறிக்க வேண்டும். குறிக்க முடியாத விதியை எழுதக் கூடாது.

மற்றவர் எழுதியதை நேரடியாக அழிக்காமல் பரிந்துரையாக எழுதும் வசதி ஆவணத்திலேயே உண்டு. யார், எப்போது, எதை மாற்றினார் என்ற வரலாறும் சேமிக்கப்பட்டிருக்கும். யாராவது தவறுதலாக முழுப் பக்கத்தையும் அழித்துவிட்டாலும் பழைய வடிவத்தை மீட்கலாம். எங்களிடம் அப்படி இரண்டு முறை நடந்தது. அழித்த பிள்ளை அழுதுகொண்டே அழைத்தது. ஐந்து நிமிடத்தில் பக்கம் திரும்பி வந்தது.

ஆசிரியர் திருத்தும்போது எந்த அளவுக்குத் திருத்தலாம்?

சரியான வாக்கியத்தை எழுதிக் கொடுக்காதீர்கள். ‘இந்த உதாரணத்தை மறுபடி பாருங்கள்’ என்று மட்டும் ஓரத்தில் எழுதுங்கள். மாணவரின் நடையை உங்கள் நடையாக மாற்றாதீர்கள். ‘ஐ ஒளிந்தால்’ என்று எழுதிய பிள்ளையிடம் ‘உருபு தொக்கு நின்றவழி’ என்று நான் திருத்தியிருந்தால் அந்தப் பக்கம் செத்துப் போயிருக்கும்.

இரண்டு ஆசிரியர்கள் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். ‘வாழ்த்துகள்’ சரியா, ‘வாழ்த்துக்கள்’ சரியா?

ஒவ்வோர் ஆண்டும் தைப்பொங்கலை ஒட்டி வரும் கேள்வி. வாழ்த்து என்பது வன்தொடர்க் குற்றியலுகரம், அதன் பின் வல்லினம் வந்தால் மிகும், எனவே ‘வாழ்த்துக்கள்’ என்பது ஒரு தரப்பு. அந்த விதி இரண்டு சொற்கள் புணரும்போது பொருந்துவது, ‘கள்’ தனிச்சொல் இல்லை, பன்மை விகுதி, எனவே ‘வாழ்த்துகள்’ என்பது மறு தரப்பு. முந்தைய தலைமுறை அச்சுநூல்களில் ‘எழுத்துக்கள்’ என்ற வடிவம் பரவலாக உண்டு. இன்று பலர் ‘எழுத்துகள்’ என்றே எழுதுகிறார்கள். இரண்டாம் தரப்பின் காரணம் வலுவானது என்பது என் கருத்து, இந்தப் பக்கத்திலும் அப்படியே எழுதியிருக்கிறேன். ஆனால் முதல் வடிவத்தை எழுதும் ஒருவரைத் தமிழ் தெரியாதவர் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

குழுவில் இப்படி ஒன்று வந்தால் வாக்கெடுப்பு நடத்தாதீர்கள். இரண்டு தரப்பின் காரணங்களையும் இரண்டு பத்திகளாக எழுதுங்கள். உங்கள் குறிப்புகளில் எந்த வடிவத்தைக் கையாள்கிறீர்கள் என்று கீழே சொல்லுங்கள். பரீட்சையில் பாடப்புத்தகத்தின் வடிவத்தை எழுதுங்கள். எங்கள் ஆவணத்தில் மாணவர்கள் அதிக நேரம் செலவிட்ட பக்கம் இதுதான், அந்த நேரம் வீணானதாக நான் நினைக்கவில்லை.

ஒருத்தர்தான் எல்லாம் எழுதுறாங்க, மத்தவங்க சும்மா இருக்காங்க. என்ன செய்ய?

சும்மா இருக்கும் பிள்ளைக்குப் பெரும்பாலும் சோம்பல் இல்லை, கூச்சம். ‘நான் எழுதினால் பிழை வரும்’ என்ற பயம் அது. அவருக்குக் கேள்வி கேட்பவரின் பொறுப்பைக் கொடுங்கள். முதல் விடையில் சொன்ன அந்தப் பொறுப்பில் விளங்கவில்லை என்று சொல்வதே கடமை. விளங்காமல் இருப்பது அங்கே குறையாக எண்ணப்படுவதில்லை. அடுத்த பக்கத்தில் பொறுப்புகள் மாறும். எல்லாவற்றையும் எழுதும் கெட்டிக்காரப் பிள்ளையையும் ஒரு முறை கேள்வி மட்டும் கேட்க வைக்க வேண்டும், அது அவருக்கு எழுதுவதைவிடக் கடினமாக இருக்கும்.

டியூஷன் நோட்ஸையும் கைடு புத்தகத்தையும் போட்டோ எடுத்துப் போட்டால் வேலை சீக்கிரம் முடியுமே?

முடியும், ஆனால் அது பிறருடைய உடைமை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, ஒருவர் எழுதியதன் பதிப்புரிமை அவருடைய வாழ்நாளிலும் அதன் பின் 70 ஆண்டுகளுக்கும் பாதுகாக்கப்படுகிறது. டியூஷன் ஆசிரியரின் குறிப்பும் இதில் அடங்கும். இலக்கண விதி யாருக்கும் சொந்தமில்லை. அதை விளக்கி ஒருவர் எழுதிய வாக்கியங்களும் அவர் அமைத்த பயிற்சிகளும் அவருக்குச் சொந்தம். விதியை எடுத்துக்கொண்டு விளக்கத்தை நீங்கள் எழுதுங்கள்.

பழைய நூல்களில் இந்தத் தடை இல்லை. நன்னூலை எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்தாளலாம். 1879இல் மறைந்த ஆறுமுக நாவலரின் இலக்கணச் சுருக்கமும் அப்படியே. அவர் இலக்கணத்தை வினாவிடை வடிவிலும் எழுதினார் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்வேன். கேள்வி கேட்டு இலக்கணம் படிப்பது நம் மண்ணில் புதிதில்லை. 2005 முதல் இயங்கும் ‘நூலகம்’ என்ற எண்ணிம நூலகத்தில் இலங்கைத் தமிழ் நூல்கள் பல இலவசமாக வாசிக்கக் கிடைக்கின்றன.

செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் ஒரு நிமிடத்தில் எழுதித் தருகிறதே, நாங்கள் ஏன் சிரமப்பட வேண்டும்?

ஒரு மாணவன் அப்படிக் கேட்டு வாங்கிய பட்டியலில், மென்தொடர்க் குற்றியலுகரத்துக்கு உதாரணமாகப் ‘பாட்டு’ இருந்தது. அது வன்தொடர். விளக்கம் மிகச் சரளமாக இருந்ததால் குழுவில் நால்வர் அதைக் கவனிக்காமல் கடந்தார்கள். இப்படிப்பட்ட பிழை தயக்கமில்லாத நடையில் வருவதே அதன் ஆபத்து.

அதை நாங்கள் முற்றாக விலக்கவில்லை. விடையை வாங்கி, அதிலுள்ள பிழைகளைக் கண்டுபிடிப்பதை ஒரு பயிற்சியாக வைத்திருக்கிறோம்; பிள்ளைகள் அதை மிகவும் விரும்புகிறார்கள். ஆனால் ஆவணத்தில் அதன் வாக்கியம் ஒன்றும் வரக் கூடாது. நன்னூல் சொன்ன அந்த அரைப்பங்கு எடுத்துரைப்பவருக்கே போய்ச் சேரும். எடுத்துரைப்பது இயந்திரமானால் மாணவருக்கு மிஞ்சுவது ஏதுமில்லை.

சாதாரண தரப் பரீட்சைக்கு இது உதவுமா, நேரம்தான் வீணாகுமா?

தரம் 10இன் தொடக்கத்திலேயே ஆரம்பித்து, வாரத்துக்கு ஒரு மணித்தியாலம் ஒதுக்கினால் உதவும். ‘தமிழ்மொழியும் இலக்கியமும்’ பாடத்தில் இலக்கண வினாக்களுக்கு மட்டுமன்றி, கட்டுரையில் பிழையின்றி எழுதவும் இந்தப் பழக்கம் துணை செய்கிறது. பரீட்சைக்கு மூன்று மாதம் இருக்கும்போது புதிதாகத் தொடங்க வேண்டாம். அப்போது ஏற்கெனவே உள்ள பக்கங்களின் பயிற்சிகளையும் கடந்தகால வினாத்தாள்களையும் செய்யுங்கள்.

சிங்கள இலக்கணத்துக்கும் இதே மாதிரிச் செய்யலாமா?

செய்யலாம், தமிழோடு ஒப்பிட்டுச் செய்தால் இரண்டும் தெளியும். எங்கள் ஆவணத்தில் திணை பற்றிய பக்கத்தில் அப்படி ஒரு பகுதி உண்டு. சிங்களத்தில் மனிதருக்கும் நாய்க்கும் ‘இன்னவா’, புத்தகத்துக்குத் ‘தியெனவா’. அங்கே கோடு உயிருள்ளதற்கும் உயிரற்றதற்கும் நடுவே விழுகிறது. தமிழில் நாயும் இருக்கிறது, புத்தகமும் இருக்கிறது, மனிதர் மட்டும் இருக்கிறார். கோடு உயர்திணைக்கும் அஃறிணைக்கும் நடுவே. சிங்களம் பேசும் அயல்வீட்டுப் பிள்ளையிடம் கேட்டுத்தான் இதை உறுதிசெய்தார்கள். அந்தப் பிள்ளை இப்போது தன் இரண்டாம் மொழித் தமிழுக்காக எங்கள் பக்கங்களை வாசிக்கிறது.

இந்தப் பிள்ளைகள் பரீட்சை எழுதிப் போன பிறகு ஆவணம் என்ன ஆகும்?

முதல் ஆண்டில் இதை யோசிக்கவில்லை. ஆவணம் ஒரு மாணவனின் கணக்கில் இருந்தது. அவன் கொழும்புக்கு வேலைக்குப் போனான், கைபேசி மாறியது, கடவுச்சொல் மறந்துபோனது, பதினான்கு பக்கங்களை இழந்தோம். இப்போது ஆவணத்தின் உரிமை ஓர் ஆசிரியரின் பொறுப்பிலுள்ள கணக்கில் இருக்கிறது. ஒவ்வொரு தவணை முடிவிலும் ஒரு பிரதி அச்சிடப்பட்டுப் பாடசாலை நூலகத்தில் வைக்கப்படுகிறது. பெயரைக் குறிப்பிட்டு யாரும் எடுத்தாளலாம், திருத்தலாம் என்ற படைப்பாக்கப் பொதும (கிரியேட்டிவ் காமன்ஸ்) உரிமத்தை முதற்பக்கத்தில் எழுதியிருக்கிறோம். முதிர்ந்த பக்கங்களைத் தமிழ் விக்கிநூல்களில் சேர்ப்பதற்கும் அது வழிவிடும்.

தரம் 11 மாணவர்கள் விடைபெறும்போது, தாங்கள் எழுதிய பக்கங்களில் இன்னும் தீராத ஐயங்களைப் பட்டியலிட்டுத் தரம் 10க்கு விட்டுச் செல்கிறார்கள். இந்த முறை வந்த பட்டியலின் முதல் வரி: “‘தேயிலைத் தோட்டம்’ என்பதை எப்படி விரிப்பது? தேயிலையை உடைய தோட்டமா, தேயிலைக்கான தோட்டமா? நாங்கள் முடிவு செய்யவில்லை. நீங்கள் பாருங்கள்.”